பத்து வரை எண்ணிய வாத்தியார்

பேசிக் கெட்ட வாத்தியார்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். பேசாமல் நின்று ஒரு பிள்ளையின் வேலையைக் கெடுத்தவன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

ஹட்டன் பக்கத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சாரப் பாடத்துக்கு நான் போதனாசிரியர். தொழில்நுட்ப ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறோம் என்று கிரேக்க நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று மூன்று மாதத்துக்குக் கூப்பிட்டது. (லிந்துலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன் கிரேக்கம் போகிறான் என்று வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள்.)

அங்கே பேராசிரியை ஒருவர் நான் பாடம் நடத்துவதை வீடியோ எடுத்து எனக்கே போட்டுக் காட்டினார். மாணவன் கேள்வியை முடிக்கும் முன்பே நான் பதிலைக் கொட்டிக்கொண்டிருந்தேன். இனிமேல் யாராவது "சரியா?" என்று கேட்டால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மனதுக்குள் பத்து வரை எண்ணு, அவர்களே யோசிக்கட்டும் என்றார். செய்து பார்த்தேன். நான் மூன்று எண்ணுவதற்குள் கிரேக்கப் பையன்கள் தங்களுக்குள் கத்திச் சண்டை போட்டு, என்னையும் குறுக்கு விசாரணை செய்து, பிழையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்குப் புல்லரித்தது. அந்த வித்தையோடும் ஒரு சாம்பல் நிறக் கோட்டோடும் ஊர் திரும்பினேன்.

வந்த வாரமே கௌசல்யாவின் செய்முறைப் பரீட்சை. நோர்வூட் தோட்டத்துப் பிள்ளை. அம்மா கொழுந்து எடுப்பவர். பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மின்சார வேலைக்கு ஒரு பயிலுநர் இடம் காலியாக இருந்தது. தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர், பரீட்சையைத் தன் முன்னாலேயே வைக்க வேண்டும், தேறினால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். தேறாவிட்டால் அவள் வேலை தேடிக் கொழும்புக்குப் போக வேண்டியதுதான்.

கொழுந்து வாட்டும் தொட்டியின் பெரிய விசிறிக்கு மூன்று வயர்களைப் பூட்டி ஓடவிட வேண்டும். அதில் இரண்டு இடம் மாறினாலும் விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றும். கௌசல்யா பத்தே நிமிடத்தில் சரியாகப் பூட்டினாள். சரி என்பதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சரிங்களா சார்?"

கோட்டோடு, கைகளைப் பின்னால் கட்டி, நிமிர்ந்து நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவள் முகம் சுருங்கியது. பத்து முடிந்ததும் மறுபடி திருப்புளியை எடுத்தாள். ஆகா, பிள்ளை யோசிக்கிறது, வித்தை பலிக்கிறது என்று பூரித்துப்போய் இரண்டாவது பத்தை ஆரம்பித்தேன். (என் தலையில் களிமண்தான் இருந்திருக்க வேண்டும்.) இரண்டு வயர்களைக் கழற்றி மாற்றிப் பூட்டிவிட்டு அவள் சுவிட்சைப் போட்டாள்.

விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றி, தொட்டிக்குள் மாதக்கணக்காகக் கிடந்த தூசியையும் சருகையும் டீமேக்கரின் முகத்திலும் என் கோட்டிலும் வாரி இறைத்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தப் பிள்ளை வேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னார். முதலில் சரியாகத்தான் பூட்டியிருந்தாள் என்று மன்றாடினேன். அப்படியானால் நீங்கள் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஏன் மாற்றினாய் என்று கௌசல்யாவிடம் கேட்டேன்.

"நீங்க பேசாம நின்னீங்களே சார். தொர கையக் கட்டிக்கிட்டுப் பேசாம நின்னா, செஞ்சது தப்புன்னு எங்கம்மா சொல்லுவாங்க."

எனக்குத் தெரியாததா அது? தோட்டத்தை நடத்தும் துரை பின்னால் வந்து பேசாமல் நின்றால், என் அப்பா வெட்டி முடித்த தண்ணீர்க் கானை மறுபடி வெட்டுவார். நானே பார்த்திருக்கிறேன். மூன்று மாதப் படிப்பில் அதை மறந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

அவள் கொழும்புப் பக்கம் ஆடைத் தொழிற்சாலைக்குத் தையல் வேலைக்குப் போய்விட்டாள். நான் வகுப்பில் இப்போது மூச்சுக்கு மூச்சு "சரி" சொல்கிறேன். வீட்டில் குழம்புக்கு உப்பு சரியா என்று மனைவி கேட்டு நான் கொஞ்சம் தாமதித்தால் போதும், "அப்பா பத்து எண்ணுறாரு, யாரும் வயர மாத்திடாதீங்க" என்பாள் மகள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

போன தீபாவளிக்கு ஊர் வந்த கௌசல்யா எங்கள் வீட்டுக்கும் வந்தாள். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று மனைவி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அதைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். கடைசித் திருகாணியை முறுக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சரி, சரி, ரொம்பச் சரி" என்று முந்திக்கொண்டேன்.

"நான் ஒண்ணும் கேக்கல சார்" என்றாள். "கை தொடைக்க ஒரு துணி வேணும்."

மோட்டார் ஒழுங்காக ஓடியது. மனைவி இப்போது இதையும் கதையோடு சேர்த்துத்தான் எல்லோருக்கும் சொல்கிறாள். மோட்டார் ஓடிய இடம் வரும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.