புங்குஸ் சாரும் கணக்கு வரிசையும்

பினாங்கில் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்காத மனிதரே கிடையாது. ஆனால் இதே ஊரில் அல்ஜிப்ராவுக்கு மாடிப்படி வரை ஜனங்களை வரிசையில் நிற்க வைத்தவர் ஒருவர்தான் உண்டு. அவரோடு ஒரே அறையில் குப்பை கொட்டியவள் நான் என்பதை என் பேரப்பிள்ளைகளிடமும் சொல்லிப் பீற்றிக்கொள்வேன். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

அவருக்கு அத்தா வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. அறை வாசலில் அதைப் பலகையில் எழுதி மாட்டியும் இருந்தார்கள். யாரும் படிக்கவில்லை. கெலுகோரில் இருக்கும் எங்கள் கல்லூரியில் மாணவர்களிலிருந்து வாசல் காக்கும் ஜாகா வரை எல்லாருக்கும் அவர் புங்குஸ் சார்தான். சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி வாங்கிப் போவதை எங்கள் ஊரில் புங்குஸ் என்போம். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

எங்கள் கல்லூரியில் துணைப்பாட மையம் என்று ஒன்று இருக்கிறது. பாடம் புரியாதவர்கள் சும்மா வந்து கேட்டுவிட்டுப் போகலாம். போகலாம், ஆனால் வரமாட்டார்கள். நான் அங்கே ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கிறவள். அவர் வருவதற்கு முந்தைய செமஸ்டரில் நான் செய்த பெரிய வேலை, ஏர்கானைக் கூட்டிக் குறைத்ததுதான். "அங்க வந்தா மக்குன்னு நெனப்பாங்க டீச்சர், மாலு லா" என்று ஒரு பையன் என் மூஞ்சிக்கு நேராகவே சொன்னான். ஃபெயிலாவது பரவாயில்லை, வெட்கப்படத்தான் முடியாது என்பது எங்கள் பிள்ளைகளின் கொள்கை.

பழைய தலைவர் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலிக்கு ஆள் கிடைக்கவில்லை. கணக்கு விரிவுரையாளராக நிம்மதியாக இருந்த இவர், தானே போய் அதைக் கேட்டு வாங்கினார். துணை இயக்குநர் மேடம் கொடுத்துவிட்டு அதே மூச்சில் ஒரு குண்டும் போட்டார். மாணவர்கள் கேமிங் அறை கேட்கிறார்கள், கம்ப்யூட்டரெல்லாம் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டது, இந்த செமஸ்டரிலும் மையம் காத்தாடினால் அந்த அறை கேமுக்குப் போய்விடும் என்றார். மேடம் நம்ம ஆள்தான். ஆனால் ஆபீசில் அவருக்குத் தமிழ் வராது, கோபம் வந்தால் மட்டும் வரும். அன்றைக்கு ஆங்கிலத்தில்தான் சொன்னார் என்பதால் நாங்கள் கொஞ்சம் தெம்பாக இருந்தோம்.

முதல் நாள் காலையில் சார் உள்ளே வந்தார். ஒல்லி உடம்பு, அதைவிட ஒல்லியாக ஒரு டை, கக்கத்தில் ஒரு கட்டு பழுப்புத் தாள், கையில் ஒரு டப்பா ரப்பர் பேண்ட். மேசைக்கு மேசை நின்ற தடுப்புகளைப் பார்த்தார். சுவரில் தொங்கிய 'அமைதி காக்கவும்' பலகையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"டீச்சர், இங்க யாரும் மௌத்தாயிட்டாங்களா?"

"இல்லையே சார்."

"பின்ன ஏன் இப்படி இருக்கு? சத்தம் இல்லாத கடைக்குள்ள எவன் வருவான்?"

மத்தியானத்துக்குள் தடுப்புகள் போயின, பலகை போயிற்று, மேசையெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நீளமாக நின்றது. இது கல்லூரி சார், கடை இல்லை என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கடை என்பது அவர் ரத்தத்தில் இருந்தது. அத்தா, சித்தப்பா, மாமா என்று குடும்பமே ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருப்பவர்கள். இவரையும் சின்ன வயதில் குழம்பு ஊற்ற நிறுத்தியிருக்கிறார்கள். சோற்றுக்கும் குழம்புக்கும் விகிதம் சரியாக வரவேண்டும் என்று இவர் ஒவ்வொரு தட்டையும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து ஊற்றினாராம். வரிசை தெருமுனை தாண்டிவிட்டது. அத்தா கரண்டியைப் பிடுங்கி, "நீ வாத்தியாராத்தான் போவணும்" என்றாராம். ஆனால் அன்றைக்கு அந்த வரிசையைப் பார்த்தே பாதி ஊர் வந்து பின்னால் நின்றது என்று சார் கண்கள் மின்னச் சொல்வார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மையத்துக்குத் தவறி வந்துவிடுகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் சார் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"இங்கேயா, புங்குஸா?"

இங்கே என்றால் உட்கார்ந்து கணக்குப் போடவேண்டும். புங்குஸ் என்றால் சார் அந்தக் கணக்கைப் பழுப்புத் தாளில் பாதி போட்டு, நாசி கண்டார் பொட்டலம் போலவே மடித்து, ரப்பர் பேண்டைச் சுண்டி மாட்டிக் கொடுப்பார். மீதிப் பாதியை வீட்டில் போட்டு மறுநாள் கொண்டுவரவேண்டும். முழுசாகப் போட்டுக் கொடுங்கள் சார் என்று கெஞ்சினால், "நான் மென்னும் குடுக்கவா?" என்பார். கொஞ்ச நாளில் பிள்ளைகளும் அந்தப் பாஷைக்கு மாறிவிட்டார்கள். கூடுதலாக ஓர் உதாரணம் வேண்டுமென்றால், "சார், குழம்பு கொஞ்சம் கூட" என்று கேட்பார்கள். ஒருநாள் என்னிடமே ஒருத்தி வந்து, "டீச்சர், ஒரு இன்ட்ரோடக்ஷன் புங்குஸ்" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டியே கொடுத்துவிட்டேன்.

அந்தத் தாளால் ஒரு ரகளையும் நடந்தது. கடைத் தாளில் ஒரு பக்கம் எண்ணெய் இறங்காத மாதிரி வழவழவென்று இருக்கும். சார் அவசரத்தில் அந்தப் பக்கத்தில் சூத்திரத்தை எழுதிவிட்டார். மை காயவில்லை. வாங்கிய பையன் மடிப்பைப் பிரித்துக் கையில் வைத்து உருப்போட்டுக்கொண்டே நேராகப் பரீட்சைக்குப் போயிருக்கிறான். சூத்திரம் முழுசும் அவன் உள்ளங்கைக்கு இடம் மாறிவிட்டது. மேற்பார்வைக்கு வந்த மேடம் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். கையில்தானே களவு இருந்தது. தகவல் வந்ததும் சார் ஓடினார், வேடிக்கை பார்க்க நானும் ஓடினேன்.

சார் அந்தப் பையனின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேடம், நல்லா பாருங்க. எல்லாம் எடவலமா மாறிக் கெடக்கு. இதப் பாத்துக் காப்பி அடிக்கணும்னா பையன் முகம் பாக்குற கண்ணாடியும் கொண்டாந்திருக்கணும். இவன் தலையே சீவாம வந்திருக்கான்."

பையன் தப்பித்தான். சாருக்குப் புங்குஸ் என்ற பெயர் அன்றைக்குத்தான் நிலைத்தது.

இவ்வளவு கூத்துக்கும் அறை நிறையவில்லை. வந்ததெல்லாம் ஏற்கெனவே ஏ வாங்குகிற கூட்டம். கணக்கில் தோற்றுத் திரும்ப எழுதுகிறவர்கள் எட்டிப் பார்ப்பதோடு சரி. அவர்களில் ஒருத்தி யோகேஸ்வரி. என் ஆங்கில வகுப்புப் பெண். நிபோங் திபாலிலிருந்து விடியுமுன்பே கிளம்பி, பஸ் மாறிப் பாலம் தாண்டி வருவாள். அந்த ஒரு கணக்குப் பேப்பரில் இரண்டு முறை தோற்றுப் போயிருந்தாள். இன்னொரு முறை போனால் கோர்ஸை விட்டே போகவேண்டும். பத்து காவான் பக்கம் ஏதோ ஃபேக்டரியில் அவளுக்கு வேலைக்குச் சொல்லிவைத்திருப்பதாக வீட்டிலும் பேச்சு ஆரம்பித்துவிட்டது. தினமும் எங்கள் கதவைத் தாண்டிப் போய், கோடியில் இருக்கும் மெஷினில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்புவாள். போகும்போதும் வரும்போதும் கதவருகே நடை தளரும், அவ்வளவுதான்.

"அந்தப் புள்ளைக்குத் தாகம் இல்ல டீச்சர்" என்றார் சார். "உள்ள வர ஒரு சாக்கு வேணும்."

மறுநாள் துணை இயக்குநர் மேடம் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. சார் எங்களை எல்லாம் கூப்பிட்டார். நான், சொல்லிக்கொடுக்க வரும் சீனியர் மாணவர்கள் சிலர், ஜாகா மணியம் அண்ணே, நூலகத்து அக்கா என்று கையில் அகப்பட்ட அத்தனை பேரும் அதில் அடக்கம்.

"நாளைக்குக் காலையில எல்லாரும் கதவுக்கு வெளிய வரிசையா நிக்கணும். எதுக்குன்னு யாரு கேட்டாலும் சொல்லக் கூடாது. 'கொஞ்சம் லேட்டாவும், ஆனா வொர்த்து லா', அது மட்டும்தான் பேச்சு."

"இது ஏமாத்து வேலை சார்" என்றேன்.

"நம்ம ஊர்ல வரிசையப் பாத்தா நிக்கிறான், டீச்சர். நம்ம கூப்பிடவா செய்றோம்?"

நின்றோம். மணியம் அண்ணே அநியாயத்துக்கு நடித்தார். கழுத்தை நீட்டி உள்ளே பார்ப்பதும், நாக்கைச் சப்புக்கொட்டுவதுமாக ஒரே அமர்க்களம். முதலில் இரண்டு பையன்கள் வந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்து நாலு பெண்கள். அப்புறம் எனக்குக் கணக்கு விட்டுப்போயிற்று. வரிசை வராந்தாவைத் தாண்டி மாடிப்படியில் இறங்கியது. மேலே செண்டோல் ஐஸ் சும்மா கொடுக்கிறார்கள் என்று கீழே பேச்சு கிளம்பிவிட்டது. கணக்கியல் விரிவுரையாளர் ஒருவர் நின்றார். சாப்பாடு கொண்டுவந்த டெலிவரிப் பையன் ஹெல்மெட்டோடு நின்றான். பக்கத்து ஃபிளாட்டிலிருந்து ஓர் அம்மா தூக்குச்சட்டியோடு வந்து சேர்ந்தார். நடுவில் தண்ணீர் பாட்டிலும் கையுமாக யோகேஸ்வரி நின்றாள்.

சாரின் கணக்கு தப்பவில்லை. பினாங்குக்காரர் வரிசையில் இத்தனை நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பமாட்டார், மானப் பிரச்சினை. உள்ளே அல்ஜிப்ராதான் என்று தெரிந்த பிறகும் ஒருவரும் நகரவில்லை. "இவ்ளோ நேரம் நின்னாச்சு, ஏதாச்சும் குடுங்க தம்பி" என்று தூக்குச்சட்டி அம்மா அடம்பிடித்தார். ஆறாம் ஆண்டு படிக்கும் பேரனுக்குப் பின்னம் இரண்டு கட்டிக்கொண்டுதான் போனார். ஒவ்வொருத்தரும் ஒரு பொட்டலத்தோடு வெளியே வர, பின்னால் நின்றவர்களுக்கு ஆவல் இன்னும் ஏறியது.

யோகேஸ்வரியின் முறை வந்தது. உள்ளே கரும்பலகையைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. திரும்பிப் பார்த்தாள். பின்னால் அத்தனை பேர். எல்லாரும் நிற்கிற இடத்தில் அவளுக்கு மட்டும் என்ன வெட்கம்.

"இங்கேயா, புங்குஸா?"

"புங்குஸ் சார்" என்றாள், காற்றுதான் வந்தது.

அவளுக்குப் பின்னால் அடுத்து வந்து நின்றவர் துணை இயக்குநர் மேடம். பார்வையிட வந்தவருக்கு, வரிசையைப் பார்த்ததும் கால் தானாகப் போய் அப்போதைய கடைசியில் நின்றுகொண்டிருக்கிறது. சார் தலையை நிமிர்த்தாமலே அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார்.

"என்னய்யா நடக்குது இங்க?" என்றார் மேடம், தமிழில்.

போச்சு என்று நினைத்தேன். சார் எழுந்து நின்று டையைச் சரிசெய்தார். "படிப்புத்தான் நடக்குது மேடம். உங்களுக்கு என்ன வேணும்?"

மேடம் அறையைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், ஜாகாவைப் பார்த்தார். மணியம் அண்ணே சட்டென்று கூரையைப் பார்த்தார். மேடத்துக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் அவரும் அத்தனை நேரம் நின்றவர்தானே.

"ஃபார்ம் ஃபைவ் மேத்ஸ்" என்றார் மெதுவாக. "மகளுக்கு. புங்குஸ்."

பொட்டலத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு மறுபடி அதிகாரியாகிவிட்டார். வரிசையைக் காட்டி என்னை ஏமாற்ற முடியாது, கணக்கைத் திரும்ப எழுதுகிறவர்கள் தேறினால் அறை உங்களுக்கு, இல்லையென்றால் கேமுக்கு என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் யோகேஸ்வரி மீதிப் பாதியோடு வந்தாள். அத்தனையும் தப்பு. சார் அதைப் பார்த்துவிட்டு, "பரவால்லயே, தப்பெல்லாம் ஒரே மாதிரி இருக்கு. ஒன்ன சரி பண்ணா எல்லாம் சரியாயிடும். உக்காரு" என்றார். அவள் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் உட்கார்ந்தார்கள். அந்த செமஸ்டர் முழுக்க எங்கள் அறையில் காது கொடுத்துக் கேட்க முடியாத சத்தம். சாருக்கே நாற்காலி இல்லாமல் போய், குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து பாடம் நடத்தினார்.

முடிவு வெளியான அன்று செமஸ்டர் விடுமுறை. சார் மட்டும் காலையிலேயே வந்து, ரப்பர் பேண்டுகளை நிறவாரியாகப் பிரித்துப் போட்டு, மறுபடி ஒன்றாகக் கொட்டி, மறுபடி பிரித்துக்கொண்டிருந்தார். அவரை விட்டுவிட்டு இருக்க முடியாமல் நானும் வந்திருந்தேன். பாதிப் பேர் தேறினாலே மேடத்திடம் பேசிவிடலாம் என்றேன். அவர் சிவப்பு ரப்பர் பேண்டுகளை மறுபடி எண்ண ஆரம்பித்தார்.

பத்து மணி வாக்கில் கீழே மேடத்தின் அறைக்குக் கூப்பிட்டார்கள். சார் போய்விட்டு வந்தார். "கேம் பெட்டியெல்லாம் கீழ்த்தளத்துக்கு எறங்குது டீச்சர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது, இருவரும் ஏர்கானைப் பற்றிப் பேசினோம்.

அப்போது யோகேஸ்வரி வந்து வாசலில் நின்றாள். போனில் சொல்லியிருக்கலாம். பஸ் மாறிப் பாலம் தாண்டி வந்திருந்தாள். "பாஸ் சார்" என்றாள். அதற்குமேல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. நின்ற இடத்திலேயே நின்று தேம்பினாள்.

சார் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றினார். ஒரு பழுப்புத் தாளை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"சரி, சரி. வாசல்ல நின்னு அழாதம்மா. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க பாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். வராந்தாவில் ஒரு ஈ காக்கை இல்லை.

"ஆமாம்மா, நிறைய பேர் நிக்கிறாங்க" என்று நானும் சொன்னேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.