டொக்டொக் அண்ணாச்சியும் புகைந்த காரும்

திருவனந்தபுரம் பழவங்காடியில் டொக்டொக் அண்ணாச்சி தட்டிப் பார்க்காத பொருள் கிடையாது. அவருடைய சொந்தத் தலை ஒன்றுதான் பாக்கி என்று எல்லோரும் கேலி செய்வோம்.

பிள்ளையார் கோயிலுக்கு எதிரே அவருக்குத் தேங்காய்க் கடை. ஒட்டினாற்போல எனக்குப் பூக்கடை. அண்ணாச்சி வள்ளியூர்ப் பக்கத்து ஆள். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கும், யாரும் கேட்டதில்லை. தேங்காயை இடது கையில் ஏந்தி, வலது கை முட்டியால் டொக், டொக் என்று இரண்டு தட்டு. பிறகு காதை வைப்பார். "இது நேரா உடையும். இது கோணும். இது அழுவல், அந்தால வையும்" என்பார். தேங்காய் விஷயத்தில் அவர் தவறி நான் பார்த்ததில்லை.

சங்கடம் என்னவென்றால், மனிதர் தேங்காயோடு நிறுத்துவதில்லை.

பக்கத்தில் ஒரு லாட்ஜ் கட்டினார்கள். சுவரைத் தட்டிவிட்டு, "மழைக்கு முன்ன விழுந்திரும்" என்றார். எத்தனையோ மழை போயிற்று. லாட்ஜ் விழவில்லை, மேலே இன்னும் இரண்டு மாடி ஏறியது. "எந்த மழைன்னு நான் சொன்னேனாவே?" என்றார்.

ஒரு தடவை பைக்கில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரரின் ஹெல்மெட்டைப் பின்னாலிருந்து தட்டி, "உள்ள காலி" என்றார். தட்டும்போது ஹெல்மெட் போலீஸ்காரர் தலையில் இருந்தது. அன்றைக்கு முழுக்க அவரைத் தெரிந்த ஆள் எங்கள் கடை வரிசையில் ஒருவர்கூட இல்லை.

எனக்கே ஒரு சமயம் விடாத இருமல். நெஞ்சில் தட்டிப் பார்த்து, "உமக்கு ஒண்ணுமில்லவே பூக்காரரே. இளநி மாதிரி உள்ள தண்ணி நல்லா நிக்கு" என்றார். ஒரு வாரத்தில் என்னை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் தூக்கிப் போட்டார்கள். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். அண்ணாச்சி ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் சொன்னேம்லா, தண்ணி நிக்குன்னு" என்றார். தப்பு என்று ஒரு நாளும் ஒத்துக்கொள்ளாத மனிதர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி செல்வி விஷயம். போனக்காடு எஸ்டேட்டில் கொழுந்து பறித்த குடும்பத்துப் பெண். டிரைவிங் படித்து, லோன் போட்டு, மஞ்சள் நம்பர் பலகையோடு ஒரு புதுக் கார் எடுத்தாள். பொன்முடிக்கும் கல்லாற்றுக்கும் ஆட்களைக் கூட்டிப் போகிற டாக்ஸி. காலையில் பூஜைக்குக் கொண்டுவந்து எங்கள் கடை முன்னால் நிறுத்தினாள். புதுக் காருக்கு மாலை கட்டுவது ஒரு தனிக் கணக்கு. மனுஷனுக்குக் கட்டுகிற நீளத்தில் கட்டினால் காற்றுக்கு எழும்பிக் கண்ணாடியை மறைக்கும். அதை விடுங்கள்.

அவள் அப்பாவும் வந்திருந்தார். முகம் உம்மென்று இருந்தது. கையில் ஒரு துணிப்பை.

"மலை ரோட்டுல பொம்பளப் பிள்ள டாக்ஸி ஓட்டுமாம். நான் பஸ்ஸுல வந்தேன், பஸ்ஸுலயே போறேன்" என்று என்னிடம் சொன்னார்.

"அப்பா, இன்னைக்கு நம்ம வண்டியிலதான் வீட்டுக்குப் போறோம், கேட்டோ" என்றாள் செல்வி.

அண்ணாச்சி விடுவாரா? காரைச் சுற்றி வந்து நாலு கதவும் தட்டி, பானெட்டைத் தட்டினார். "நல்ல முத்தல். நூறு வருசம் ஓடும்" என்றார். செல்வி, எஞ்சினுக்குக் கோயில் பூசாரி போற்றி சந்தனம் வைக்கட்டும் என்று பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, அர்ச்சனைக்கு வரிசையில் நிற்கப் போனாள். நீண்ட வரிசை. அப்பா வண்டிக்குக் காவல். எனக்கும் அண்ணாச்சிக்கும் வியாபார நேரம்.

போற்றி வந்தார், சந்தனம் வைத்தார், தேங்காய் உடைந்தது, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறியது. செல்வி அப்பாவைக் கெஞ்சிப் பின்சீட்டில் உட்கார வைத்துக் கிளப்பினாள். ஓவர்பிரிட்ஜ் வரை போன வண்டி அப்படியே திரும்பி வந்தது. பானெட்டின் இடுக்கெல்லாம் புகை.

புகை கூடப் பெரிதில்லை. அதன் வாசனை! நல்ல உப்பேரி வாசனை. அடுத்த கடையில் நேந்திரங்காய் உப்பேரி வறுக்கிறவர் தன் அடுப்பைத்தான் முதலில் ஓடிப் பார்த்தார்.

எஞ்சினை அணைத்து பானெட்டைத் திறப்பதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. திருவனந்தபுரத்தில் புகை வந்தால் தண்ணீர் வருவதற்குள் அபிப்பிராயம் வந்துவிடும்.

"கிளச்சு கரிஞ்சு போயி சேச்சி" என்றான் ஆட்டோக்கார பிஜு.

"அதொண்ணும் இல்ல. புது வண்டியில கம்பெனிக்காரன் பூசின மெழுகு உருகுது" என்றார் லாட்டரி விற்கிறவர்.

"மெழுகுக்கு உப்பேரி மணமா?"

"கண்ணு பட்டுருக்கு" என்றது ஒரு குரல்.

செல்வி ஷோரூமுக்குப் போன் போட்டாள். தொடாதீர்கள், நாளைக்கு ஆள் வந்து கட்டி இழுத்துப் போவார்கள் என்றார்களாம். அப்பா துணிப்பையை எடுத்துக்கொண்டு மெல்ல இறங்கினார்.

"பாப்பா, பஸ்ஸு போயிரும்."

"கொஞ்சம் நில்லுங்கப்பா." வழியை மறித்து நின்றாள். "என் வண்டியில நீங்களே ஏறலன்னா, நான் வேற யாரை ஏறச் சொல்லுவேன்?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஹெட்லைட்டில் டொக் டொக். டயரில் டொக் டொக். "அண்ணாச்சி, வண்டி கோணலா உடையுமா நேரா உடையுமா?" என்று பிஜு கேட்டான். அவர் காதில் வாங்கவில்லை. குனிந்து மோந்தார். எஞ்சின் ஓரத்தில் ஒரு விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். சந்தனத்துக்குப் பக்கத்தில் மினுமினுவென்று என்னவோ வழிந்து கிடந்தது. வாழ்நாள் முழுக்கத் தேங்காய் பிடித்த கை, அதற்குத் தெரியாதா?

நிமிர்ந்து செல்வியின் அப்பாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். துணிப்பையின் வாயில் ஒரு குப்பிக் கழுத்து நீட்டிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் வலது கையை வேட்டியில் திரும்பத் திரும்பத் துடைத்தார். பிள்ளை பிறந்து முதன்முதலாக வெளியே எடுக்கும்போது உச்சியில் எண்ணெய் வைப்போமில்லையா, அதைத்தான் அவர் காருக்குச் செய்திருக்கிறார். மகள் வரிசையில் நின்ற நேரம் பார்த்து, யாருக்கும் தெரியாமல்.

அண்ணாச்சி விரலில் இருந்த எண்ணெயைத் துண்டில் துடைத்தார். பிறகு வலது கையை மடக்கி, தன் தலையிலேயே டொக், டொக் என்று தட்டிக்கொண்டார்.

"கோளாறு இங்கனதான் இருக்கு. ஏ பாப்பா, தப்பு என் மேல. புதுசா வெளிய எடுக்கோம், உச்சிக்கு எண்ணெய் வைக்கலியேன்னு நான்தான் ரெண்டு கை தேங்காயெண்ணெயத் தடவிவிட்டேன்."

கூட்டம் முழுக்க வாயைப் பிளந்தது. அண்ணாச்சி வாயில் 'தப்பு' என்ற சொல்லைக் கேட்டதற்காகவே பாதிப் பேர் பிளந்திருப்பார்கள்.

செல்விக்கு வந்ததே கோபம். "அண்ணாச்சி, உங்களுக்கு மூளை இருக்கா? எஞ்சின்ல போய் யாராச்சும் எண்ணெய் தேய்ப்பாங்களா?"

"அதான் இப்பத் தட்டிப் பாத்தேனே. இல்ல."

பிஜு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உப்பேரிக் கடைக்காரர் இனி இவரை எண்ணெய் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட வேண்டும் என்றார். செல்வி இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டப் போனாள். அதற்குள் அவள் அப்பா குறுக்கே வந்தார்.

"விடு பாப்பா. வயசான மனுசன். ஏதோ ஆசையில செஞ்சுட்டாரு."

எஞ்சின் ஆறும் வரை காத்திருந்து, பிஜு பழைய துணியால் மூலை முடுக்கெல்லாம் துடைத்தான். கிளப்பினார்கள். ஒரு இழை புகை வந்தது, பிறகு அதுவும் நின்றது. உப்பேரி வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

செல்வியின் அப்பா பின்கதவைத் திறக்கவில்லை. சுற்றி வந்து முன்சீட்டில், மகளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ஏறுவதற்கு முன்னால் துணிப்பையிலிருந்து எதையோ எடுத்து அண்ணாச்சியின் தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் வைத்ததை நான் பார்த்தேன். அரைக் குப்பி எண்ணெய்.

செல்வி இப்போதும் அந்த வழியாக ஆட்களை ஏற்றிப் போவாள். சிக்னலில் நின்றால் கண்ணாடியை இறக்கி, "அண்ணாச்சி, பானெட்டைத் தொட்டா போலீசைக் கூப்பிடுவேன், கேட்டோ!" என்று கத்துவாள். அவரும் கையெடுத்துக் கும்பிடுவார். உண்மையை அவர் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும்கூட. செல்வி படித்தது மலையாளம், தமிழ் பேசுவாளே தவிர வாசிக்க மாட்டாள். அந்தத் தைரியத்தில் இங்கே சொல்லிவிட்டேன்.

லாட்ஜ் இன்னும் விழவில்லை. அடுத்த மழைக்குள் விழும் என்று சென்ற வாரம்கூட அண்ணாச்சி சொன்னார். எனக்குத் திரும்பவும் லேசாக இருமல் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் போகிறேன். ஆனால் போகிற வழியில், அவரிடம் ஒரு தட்டு தட்டச் சொல்லி நெஞ்சைக் காட்டிவிட்டுத்தான்.