ஊர் கைமாற்றிய ரூனா

வின்னிபெக்,
நவம்பர் 9

கிம்லியில் ஏரிக்கரை வீட்டில் வாழும் மதிப்பிற்குரிய இங்கா அத்தை அவர்களுக்கு, உங்கள் ஒரே மாப்பிள்ளை வெண்டல் மிகுந்த பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் கார்லாவும் சுகம். ரூனா எங்கள் இருவரையும் விடச் சுகம். நீங்களும் ஐனார் மாமாவும், மாமாவின் இடது முழங்காலும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் உங்கள் சமையலறையில் நடந்த பேச்சுக்குப் பிறகு நீங்கள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை என்பது எனக்குத் தெரியும். போனை நான் எடுத்தால் "கார்லாகிட்ட குடு" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் எனக்குக் கிடைப்பதில்லை. அன்று நீங்கள் மீன் திருப்பும் கரண்டியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "அக்டோபர்ல ஏழு மாசக் குழந்தையைத் தூக்கிட்டுக் கடல் தாண்டப் போறேன்னு சொல்றியே, உனக்கு மூளை இருக்கா மாப்பிள்ளை?" என்று கேட்டீர்கள். "போர்ச்சுகல்ல குளிரே இருக்காது அத்தை" என்று நான் சொன்னதற்கு, "குளிர் இல்லாத ஊர்ல குழந்தை எப்படி உருப்படும்?" என்றீர்கள். மாமா தட்டிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. அந்த இரண்டு கேள்விக்கும் பதிலை இன்று எழுதுகிறேன். கார்லா போனில் உங்களுக்கு எவ்வளவு சொன்னாள், எவ்வளவு மறைத்தாள் என்று எனக்குத் தெரியாது. என் பங்குக்கு எதையும் மறைக்கப் போவதில்லை.

முதலில், ஏன் போனோம் என்பதை நான் உங்களிடம் சொல்லவே இல்லை. ரூனா பிறந்ததிலிருந்து உங்கள் மகள் சிரிக்கவில்லை அத்தை. அழவும் இல்லை, சண்டையும் போடவில்லை. எதைக் கேட்டாலும் "சரி" என்றாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கார்லா சண்டை போடாத வீட்டில் நான் இருந்ததே இல்லை. ஒரு நோட்டு வைத்துக்கொண்டு குழந்தை எத்தனை மணிக்குப் பால் குடித்தது, எத்தனை நிமிடம் தூங்கியது, எத்தனை தும்மல் என்று எழுதிக்கொண்டே இருப்பாள். டாக்டரம்மா நன்றாகப் பேசிப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஒண்ணும் இல்ல, தூக்கம்தான் இல்ல" என்றார். நான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு என்றால், கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு காதைத் திறந்து வைத்திருப்பாள். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "வெண்டல், எனக்குக் கடல் பாக்கணும் போல இருக்கு" என்றாள். ஐந்து மாதத்தில் அவள் வேண்டும் என்று கேட்டது அது ஒன்றுதான். நான் வீடுகளில் ஹீட்டர் பழுது பார்க்கிறவன். எனக்குத் தெரிந்த வைத்தியம், எது கழன்றிருக்கிறதோ அதை உடனே மாட்டுவது. அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டேன்.

விமானப் பயணத்தைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. டொராண்டோ வரைக்கும் தேவதை போலத் தூங்கிய உங்கள் பேத்தி, பெரிய விமானத்தில் ஏறியதும் எழுந்துகொண்டாள். எங்கள் வரிசையில் ஜன்னலோரம் டாஃபின் ஊர்ப் பக்கத்துக் கோதுமை விவசாயி ஒருவர், மகள் கல்யாணத்துக்குப் போகிறவர், பீப்பாய் மாதிரி உடம்பு. இருக்கைப் பட்டையைக் கட்டிக்கொண்ட ஐந்தாவது நிமிடம் ரூனா அவருடைய கல்யாணச் சட்டையின் மேல் ஒரு கிண்ணம் காரட் கூழைத் திருப்பித் தந்தாள். கார்லா துடைக்கத் துணியைத் தேடினாள். அவர் சட்டையைக் குனிந்து பார்த்து, "நல்ல நிறம். எங்கிட்ட நாப்பது கன்னுக்குட்டி இருக்கும்மா, இதெல்லாம் ஒரு வாந்தியா? இப்படிக் குடு" என்று வாங்கி வயிற்றின் மேல் படுக்க வைத்துக்கொண்டு, இந்த வருடம் மழை எப்போது பெய்தது, எப்போது பெய்யாமல் ஏமாற்றியது என்று தணிந்த குரலில் அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தார். ஜூன் மாதத்துக்கு வருவதற்குள் தூங்கிவிட்டாள். அதற்குப் பிறகுதான் வினை. அந்த மனிதருக்குக் கழிவறைக்குப் போக வேண்டும். "எழுப்பிடலாமா?" என்று நான் கேட்டால், "வேண்டாம் வேண்டாம், பாவம் தூங்கட்டும்" என்கிறார், சொல்லும்போதே நெற்றி வியர்க்கிறது. நாலரை மணி நேரம் அத்தை. லிஸ்பனில் சக்கரம் தரையைத் தொட்டதும் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, பணிப்பெண்கள் கூவக் கூவ அவர் ஓடிய ஓட்டத்தை நான் எந்த ஹாக்கி ஆட்டத்திலும் பார்த்ததில்லை.

நாங்கள் இறங்கினோம், பெட்டி இறங்கவில்லை. ரூனாவின் பதினாறு டப்பா பட்டாணிக் கூழும், டயப்பரும், உங்கள் கையால் பின்னிய கம்பளியும் வேறு ஏதோ நாட்டுக்குப் போய்விட்டன; ஆறாம் நாள்தான் திரும்பி வந்தன. மூன்று சக்கரத் தள்ளுவண்டி வந்தது. ஆனால் கடற்கரையோரம் நாங்கள் தங்கிய அந்தச் சின்ன ஊரில் தெரு முழுக்கக் குண்டுக் கல் பதித்திருக்கிறார்கள். நூறு அடி போவதற்குள் ஒரு சக்கரம் கழன்று சரிவில் உருண்டு எங்களுக்கு முன்னால் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. இதை நீங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

நாங்கள் வாடகைக்கு எடுத்தது மாடி அறை. கீழே சாப்பாட்டுக் கடை. அதன் முதலாளி ஒலிந்தா, உங்கள் வயதுதான் இருக்கும், உங்கள் குரல்தான். கூழ் இல்லாமல் நாங்கள் விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, உருளைக்கிழங்கும் கீரையும் போட்ட சூப்பைக் கொண்டுவந்து வைத்தார். வீட்டில் ஒரு கரண்டி உள்ளே போக நான் ஆனை, குதிரை, பனிக்கரடி எல்லாமாக ஆட வேண்டியிருக்கும். இங்கே இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, மேசையைத் தட்டி மூன்றாவது கேட்டாள். நான் சந்தோஷப்பட்டேன். கார்லா நோட்டை எடுத்து, "சூப், ரெண்டு கிண்ணம், உப்பு எவ்வளவுன்னு தெரியல" என்று எழுதினாள். கடல் எதிரே விரிந்து கிடந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாலு நாள் இப்படியே போயிற்று. என்ன காரியம் செய்துவிட்டோம், அத்தை சொன்னதைக் கேட்டிருக்கலாமே என்று எனக்கே தோன்றியது.

ஐந்தாம் நாள் நடந்ததைத்தான் கார்லா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். மத்தியானம். ஐந்து நாளாகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை என்று அவள் மாடிக்குக் குளிக்கப் போனாள். நான் கீழே ரூனாவோடு உட்கார்ந்திருந்தேன். சுட்ட மத்தி மீன் வந்தது. ஒலிந்தா இரண்டு கையையும் நீட்டினார், குழந்தையைக் கொடுத்தேன். அந்த மீனில் முள் அதிகம் அத்தை. குனிந்து முள் எடுத்துவிட்டு நிமிர்ந்தேன். ஒலிந்தா இல்லை. குழந்தையும் இல்லை. உள்ளே ஓடினால் சமையல்காரர் கரண்டியால் தெருவைக் காட்டுகிறார். தெருவில் வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை. என்னை அறியாமல், "ரூனா!" என்று கத்திவிட்டேன், கூப்பிட்டால் பதில் சொல்லும் வயது போல. மாடி ஜன்னல் திறந்தது. தலை நிறைய சோப்பு நுரையோடு கார்லா.

"குழந்தை எங்க?"

"ஒலிந்தாகிட்ட இருக்கா."

"ஒலிந்தா எங்க?"

"குழந்தைகிட்ட இருக்காங்க."

என் கல்யாண வாழ்க்கையில் நான் சொன்ன பதில்களிலேயே மோசமானது அதுதான். செருப்பு இல்லாமல், மேலங்கியோடு, நுரை பறக்க அவள் இறங்கி வந்து என்னை முந்திக்கொண்டு ஓடினாள். முனையில் நிழலில் நாலு கிழவர்கள் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் அர்லிந்து என்பவருக்கு நம் ஆங்கிலப் பேச்சு தெரியும். "நான் டொராண்டோல இருபது வருஷம் கான்கிரீட் போட்டவன்பா" என்று ஆரம்பித்தார். "ஐயா, எங்க குழந்தை!" என்றேன். "பாப்பாவா? இப்பதான் இருந்தா. என் கைச்சீட்டைப் புடிச்சு இழுத்தா, அந்தச் சீட்டையே போட்டேன், ஜெயிச்சேன். அப்புறம் மருந்துக்கடைக்குப் போனா" என்றார். "யார் கூட?" என்று கார்லா கத்தினாள். அவர் யோசித்து, "எல்லார் கூடயும்தான்" என்றார்.

மருந்துக்கடைக்காரப் பெண் எங்களைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். எட்டு கிலோ முந்நூறு கிராம் என்று எழுதியிருந்தது. எடை போட்டு அனுப்பியிருக்கிறார்கள்! மீன்கடையில் பெரிய மீன் ஒன்றின் கண்ணில் ரூனா விரலை விட்டதை நடித்துக் காட்டி, அடுத்த தெருவைக் காட்டினார்கள். நானும் கார்லாவும் ஓட, பின்னால் அர்லிந்து சீட்டைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தார். ஓடும்போது உங்கள் முகம்தான் கண்ணில் தெரிந்தது. மீன் கரண்டியோடு.

அந்தத் தெருவில் பெண்கள் தலை அலங்காரக் கடை ஒன்று. உள்ளே ஏழெட்டுப் பெண்கள். நடுவில் ஒலிந்தாவின் மடியில் ரூனா, பின்மண்டையில் இருக்கும் ஏழு மயிரையும் சேர்த்து ஒரு சிவப்புக் கிளிப் மாட்டிக்கொண்டு, ராணி போல உட்கார்ந்திருந்தாள். கார்லா வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். ரூனா பிறந்த மார்ச் மாதத்திலிருந்து சேர்ந்த கோபம் முழுவதும் அவள் வாய்வரை வந்துவிட்டதைப் பார்த்தேன். கடைக்காரி ஸுல்மீரா அந்தக் கோபத்தைக் கவனிக்கவே இல்லை. கார்லாவின் தலையைத்தான் கவனித்தாள். நுரை பாதி காய்ந்து காதில் வழிகிறது. "ஐயோ ஐயோ" என்பது போல என்னவோ சொல்லி, கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் சாய்த்து, தலையைத் தொட்டியில் வைத்து வெந்நீரைத் திறந்துவிட்டாள். கார்லா, "நான் ஒண்ணு கேக்கணும்..." என்று ஆரம்பித்தாள். கேட்கவில்லை. தூங்கிவிட்டாள். காதும் மூடிக்கொண்ட தூக்கம், வாய் திறந்த தூக்கம்.

நான் எழுப்பப் போனேன். ஒலிந்தா என் முழங்கையில் ஒன்று போட்டார். ஏதோ சொன்னார். அர்லிந்து மொழிபெயர்த்தார்: "அந்தப் பொண்ணை எழுப்பினா உன் கையை ஒடிச்சிடுவாங்களாம்." பிறகு தானாகவே, "விடுப்பா. புள்ளையப் பாக்க இங்க இத்தனை பேர் இருக்கோம். அவ ஒருத்தி எத்தனை நாள் முழிச்சிருப்பா?" என்றார்.

அப்போது பார்த்து சுவரில் இருந்த வெந்நீர் ஹீட்டர் கடகடவென்று உதற ஆரம்பித்தது. கார்லாவின் புருவம் அசைந்தது. இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை என் கண்ணெதிரே ஆடிக்கொண்டிருந்தது அத்தை. ஓசைப்படாமல் அதை நிறுத்தி, ஒரு கொண்டை ஊசியும் வெண்ணெய்க் கத்தியும் வாங்கிக்கொண்டு, மூடியைத் திறந்து உட்கார்ந்தேன். எட்டுப் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். இரண்டே கால் மணி நேரம் நான் அதைப் பழுது பார்த்தேன். இருபது நிமிட வேலைதான். மீதி நேரம், அது முடிந்துவிட்டால் எல்லோரும் பேச ஆரம்பித்துவிடுவார்களே என்று சும்மா துடைத்துக்கொண்டிருந்தேன். இடையில் ஒலிந்தா ஒரு கரண்டியை ரூனாவின் ஈறில் மெல்லத் தட்டினார். 'டிங்' என்றது. ஆமாம் அத்தை, முதல் பல். அதை உலகத்தில் முதலில் பார்த்தது நாங்கள் இல்லை. அந்தக் கடையில் முடிக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்த ஒரு தபால்காரப் பெண்மணி. மன்னிக்க வேண்டும்.

கார்லா கண் விழித்ததும், "மணி என்ன?" என்றாள். சொன்னேன். நோட்டு கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள், பக்கத்தில் சிவப்புக் கிளிப்போடு ரூனாவைப் பார்த்தாள், பின்னால் முகமெல்லாம் அழுக்கோடு என்னைப் பார்த்தாள். சிரித்தாள். உங்கள் வீட்டுச் சிரிப்பு அத்தை, மூக்கால் குறட்டை போல ஒரு சத்தம் வருமே, அது. பிறகு என் பக்கம் திரும்பி, "மீன் முள்ளுதான் முக்கியமா உனக்கு, அறிவு கெட்டவனே!" என்று ஊரே கேட்கத் திட்டினாள். அவள் திட்டத் திட்ட எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஹீட்டர் புகை என்று சொல்லிச் சமாளித்தேன். அது மின்சார ஹீட்டர்.

மீதி ஒன்பது நாளும் பகல் சாப்பாடு முடிந்ததும் ரூனா ஊரைச் சுற்றிவரப் போவாள், கார்லா மணலில் படுத்துத் தூங்குவாள், நான் அந்தத் தெருவில் இருந்த மற்ற ஹீட்டர்களைப் பார்ப்பேன். திரும்பும் விமானத்தில் குழந்தை அழுததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மூவரும் தூங்கிவிட்டோம்.

ஆனாலும் குழந்தையை முக்கால் மணி நேரம் தொலைத்தவன் நான். நீங்கள் சொன்னது சரி, நான் செய்தது தவறு. ஆகையால் இந்தக் கடிதத்தின் மூலம் உறுதி கூறுகிறேன்: ரூனாவுக்குப் பதினெட்டு வயது நிறையும்வரை அவள் மானிட்டோபா மாகாண எல்லையைத் தாண்ட மாட்டாள். இனி விமானம் என்ற சொல்லே எங்கள் வீட்டில் ஒலிக்காது. குளிர் நிறைந்த ஊரில், உங்கள் கண் பார்வையில், உருப்பட்டு வளர்வாள். என்னை மன்னித்து, போனில் இரண்டு சொல்லை நாலாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். இந்த வருடம் ஏரி சீக்கிரம் உறைந்து, பனியில் அவர் போடும் ஓட்டையிலெல்லாம் மீன் வந்து விழட்டும். உங்கள் வீட்டு அடுப்பும் ஹீட்டரும் குறைவின்றி எரியட்டும். எரியாவிட்டால் நான் இருக்கிறேன்.

என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
வெண்டல்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் கார்லா வந்து, பிப்ரவரி மாதத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று என்கிறாள். அதே ஊர். மூன்று பெரியவர், ஒரு குழந்தை. "மூணாவது ஆள் யாரு?" என்றேன். "அம்மா" என்கிறாள். நீங்கள் போன ஞாயிற்றுக்கிழமையே சம்மதம் சொல்லிவிட்டீர்களாம். இரண்டு வாரமாக ஒலிந்தாவோடு போனில் முகம் பார்த்து, ஆளுக்கொரு மொழியில் மணிக்கணக்காகப் பேசுகிறீர்களாம். முக்கால் மணி நேரக் கதையையும் அவரே நடித்துக் காட்டிவிட்டாராம். ஆக மேலே உள்ள உறுதிமொழியை நீங்கள் படிக்காததாகவே வைத்துக்கொள்ளுங்கள். போகிற வழியில் குழந்தையை ஒரு நிமிடம்கூட என் கையில் கொடுக்கக் கூடாது என்பது மட்டும்தான் உங்கள் நிபந்தனை என்று கேள்விப்பட்டேன். போக வர இருபத்தெட்டு மணி நேரம். முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன் அத்தை. தலையணை நானே கொண்டுவருகிறேன்.