முகக்கவசத்துக்குப் போகும் முத்தங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. மூன்று பேரில் இரண்டு பேர் நலம். மூன்றாவது ஆள் நான். நீயும் அத்தானும் நலம்தானே? போனில் சொன்னால் சிரிப்பாய். காகிதத்தைப் பார்த்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது, அதனால்தான் கடிதம்.

போன மாதம் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. பல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, பல்லோரம் கிருமி தங்கி ஈறு வீங்கியிருக்கிறது என்றார். அதை விரட்ட உடம்பு அனுப்பும் காவல் அணுக்கள் "ஆள் பத்தாது, இன்னும் வாங்க" என்று சேதி அனுப்பிக்கொண்டே இருக்குமாம், வந்த கூட்டம் கலையவே கலையாதாம். "கிருமியைப் பிடிக்க வந்தவங்க பண்ற சேதமே பெரிசும்மா" என்றார். குழாய் ஒழுகுகிறதென்று உதவிக்கு வந்த நம் சித்தப்பாக்கள் நாலு பேரும் சேர்ந்து சுவரையே பெயர்த்தார்களே, அது ஞாபகம் வந்தது. பல்லைச் சுத்தம் செய்து, பிள்ளைக்கு ஊட்டும் ஸ்பூனை உன் வாயில் வைக்காதே என்று சொல்லி அனுப்பினார். அத்தோடு விட்டிருக்கலாம், படித்தவள் விடுவேனா? உள்ளே வீக்கம் இருந்தால் ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற புரதம் கூடும் என்று எங்கோ படித்து, டாக்டரம்மா தேவையில்லை என்று சொல்லியும் கேட்காமல், ஒரு கையில் ஊசி மறு கையில் கைக்குட்டை என்று ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். ஐந்துக்குள் இருக்க வேண்டியது ஒன்பது.

அன்றிலிருந்து பதினொரு நாளாகப் பிள்ளைக்கு நான் ஒரு முத்தம்கூடக் கொடுக்கவில்லை, அக்கா. ஸ்பூனுக்கே தடை என்றால் முத்தத்துக்கு? டாக்டரம்மாவைக் கேட்கலாம்தான், கூடாதென்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கவில்லை. வீட்டுக்குள்ளும் நீலத் துணியில் முகக்கவசம். "கொள்ளையடிக்க வந்தவ தாலாட்டு பாடுற மாதிரி இருக்கு" என்கிறார் இவர். பத்து மாதப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அம்மாவின் வாய் நீலத் துணிதான் என்று முடிவு செய்துவிட்டான். நேற்று இடுப்பில் இருந்தபடியே, துவைத்துக் கொடியில் போட்டிருந்த முகக்கவசத்தை எட்டி இழுத்து, அதற்கு ஒரு முத்தம் கொடுத்தான். ஈரமாக, சத்தத்தோடு. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ரிப்போர்ட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தினம் நூறு பார்க்கிறவள் நீ, சொல்லு: ஒன்பது இருந்தால் முத்தம் கொடுக்கலாமா? கன்னத்தில் வேண்டாம், உள்ளங்காலிலாவது? உன் பதில் வரும்வரை கவசத்தைக் கழற்ற மாட்டேன், இது உறுதி.

அத்தானுக்கு என் வணக்கம். உன் மகளுக்கு என் பங்கு முத்தத்தையும் நீயே கொடுத்துவிடு. உன் ஈறு நலம்தானே?

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை

பி.கு.: உறையை ஒட்டப் பசை கேட்டேன். இவர் ரிப்போர்ட்டை வாங்கித் தேதியைப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு உனக்குக் காய்ச்சலும் சளியும்ல? நம்ம குட்டி ஐயாதானே ஒட்டவெச்சாரு" என்றார். ஆமாம் அக்கா, அவன் என் முகத்திலேயே தும்மித்தான் வந்தது. சளிக் காய்ச்சலுக்கும் அந்த எண் ஏறும் என்று நான் படித்த அதே பக்கத்தில், இரண்டு வரி தள்ளி இருக்கிறது. கவசத்தைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, தூங்கி எழுந்தவனை நெற்றி, கன்னம், உள்ளங்கால் என்று ஓர் இடம் விடவில்லை. அவன் என் வெறும் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு கொடிப்பக்கம் கையை நீட்டி, அம்மா வேண்டும் என்று அழ ஆரம்பித்தான்.