ஒரு புழு ஐந்நூறு ரூபா

கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கைக்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டோ நுழையாது. சனம் அவ்வளவு. வெள்ளவத்தை, தெஹிவளை, வத்தளை என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்து நிற்பார்கள். கனடாவில் பல்லுக்குக் கேட்ட காசுக்கு ஊருக்கே ஒரு விமான ரிக்கற் எடுத்துவிடலாம் என்று கணக்குப் பார்த்து வந்தவர்களும் அதில் உண்டு. எல்லோருக்கும் ஒரு கை கன்னத்தில்.

உள்ளே, மூடிக்கிடந்த ஒரு ஹாட்வெயார் கடையின் பின்பக்கத்தில், தந்தசித்தர் வீற்றிருந்தார். ஒரு பக்கம் விபூதித் தட்டு, மறுபக்கம் மெழுகுதிரி, நடுவில் சாம்பிராணி. எந்தச் சமயத்துப் பல்லையும் அவர் ஒதுக்கியதில்லை. பல்லுக்குள் புழு இருக்கிறது, அதுதான் குடைகிறது, அதைப் புகை போட்டு வெளியே எடுக்கலாம் என்பது அவருடைய சாத்திரம். தண்ணீர்ச் சட்டியின் நடுவில் ஒரு கல். கல்லின் மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டு. அதன்மேல் எண்ணெயில் பிரட்டிய மூலிகை விதைகளைப் போடுவார். எழும் புகையைப் புனலால் மறித்து, குனிந்திருப்பவரின் வாய்க்குள் ஏற்றுவார். மந்திரம் முடிய, தண்ணீரில் வெள்ளையாய்ச் சுருண்ட சிறு புழுக்கள் மிதக்கும். அவற்றைப் பார்த்தவுடன் பாதிப் பேருக்கு வலி மறந்துவிடும். மீதிப் பேருக்கு வலித்தாலும் அதைச் சொல்ல வெட்கமாக இருக்கும்.

இந்தக் கூட்டத்துக்கு ஒழுங்கு வந்ததற்கும் புழுவுக்கு விலை வந்ததற்கும் காரணமான அறிவாளி ஒருவர் இருக்கிறார். பெயர் வரதராசா. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் நாலாம் மாடியில் பிளட் வீடு. ஒரு காப்புறுதிக் கம்பனியின் வாகனப் பிரிவில் பெரியவர். இடிபட்ட வான் வண்டிக்கு நாலு பக்கத்துப் படம் இல்லாமல், இரண்டு கராஜில் விலை கேட்டு எழுதி வாங்காமல், தானே போய்த் தடவிப் பார்க்காமல் ஒரு சதம் கொடுக்க ஒப்பமாட்டார். வானுக்கு இவ்வளவு பார்த்த மனிதர் தன் வாய்க்கு என்ன பார்த்தார் என்பதுதான் கதை.

நாலு மாதத்துக்கு முன் அவருக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. வெள்ளவத்தையில் தன் வீட்டு ஒழுங்கை முனையிலுள்ள பல் வைத்தியர் ஷிம்னாவிடம் போனார். சொத்தை நரம்புவரை போய்விட்டது, ரூட் கெனல் செய்து வேரைத் துப்புரவாக்க வேண்டும், மேலே போடும் கிரவுனுக்குக் கட்டணம் வேறு என்று அவர் சொன்னார். தொகையைக் கேட்டதும் வரதராசாவுக்கு மற்றப் பற்களும் வலித்தன.

"முன் பல்லெண்டால் எவ்வளவு டொக்டர்?"

"முன் பல்லு குறைய, அங்கிள்."

அவ்வளவுதான். எழும்பி வந்துவிட்டார். வீட்டில் மனைவி நாகேஸ்வரியிடம் பொரிந்து தள்ளினார்.

"ஊருக்கே தெரியிற முன் பல்லுக்கு விலை குறைவாம். ஒருத்தருக்கும் தெரியாத பின் பல்லுக்குக் கூடவாம். இது என்ன நியாயம்? ஆள் போட்டிருக்கிற சேட்டைப் பார்த்து விலை சொல்லுறாங்கள்."

"ஏனெண்டு கேட்டனீங்களே?"

"கேட்டால் அதுக்கும் பில் போடுவாங்கள்."

"உங்கடை கம்பனி இன்சூரன்ஸ் தராதே?"

"பல்லுக்கு ஒருத்தரும் தரமாட்டாங்கள். எனக்குத் தெரியாதே?"

அவருக்குத் தெரியாது. மருத்துவக் காப்புறுதிப் பிரிவு அவருடைய மேசைக்கு ஒரு மாடி மேலேதான் இருக்கிறது. இருபத்தேழு வருடமாக இருக்கிறது. அந்த ஒரு மாடியை ஏறாமல், வெயிலில் பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனார்.

சித்தர் அவருக்கு இரண்டு புழு எடுத்தார். அப்போது கட்டணம் என்று எதுவும் இல்லை. வெற்றிலையில் விரும்பியதை வைத்துவிட்டுப் போகலாம். மூன்றாம் நாள் வலி நின்றது. வரதராசா ஆகாயத்தில் நடந்தார். இரண்டு புழுவையும் போத்தலில் போட்டு ஒபிசுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். படமில்லாமல் எதையும் நம்பாத மனிதர், புழுவை எந்தப் பல்லிலிருந்து, எந்த ஓட்டையால் எடுத்தது என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. போத்தலில் புழு இருந்தது, வாயில் வலி இல்லை, வேறு என்ன அத்தாட்சி வேண்டும் என்றார்.

அதோடு நின்றிருந்தால் அவரை வெறும் முட்டாள் என்று விட்டுவிடலாம். படித்த முட்டாள் அதோடு நிற்கமாட்டான், ஆலோசனை சொல்லுவான்.

"சாமி, வெற்றிலையிலை வைக்கிறது சரிவராது," என்றார் ஒருநாள். "சனம் மதிக்காது. பல்லு டொக்டர்மார் வாயிலை வந்ததைச் சொல்லுற மாதிரி இல்லாமல், நீங்கள் வெளிப்படையா ரேற் போட வேணும்."

"எப்பிடிப் போடுறது ஐயா?"

"ஒரு புழு ஐந்நூறு. கண்ணுக்கு முன்னாலை எண்ணிக் காட்டுங்கோ. ஆரும் குறை சொல்லேலாது."

சித்தர் கண்ணை மூடி யோசித்தார். கண்ணைத் திறந்தபோது அதில் ஒரு புது வெளிச்சம். வரதராசா அதை ஞானம் என்று நினைத்தார்.

அடுத்த கிழமை பலகை தொங்கியது. 'ஒரு புழு ரூ. 500. கட்டிய பணம் திருப்பித் தரப்படமாட்டாது.' இரண்டாவது வசனமும் நம்மவருடையதுதான். எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தவரும் அவரே. அன்றிலிருந்து கொழும்புவாசிகளின் வாய்களில் புழு பெருகத் தொடங்கியது. இரண்டு புழு போன வாயில் எட்டு வந்தது. ஓட்டோவில் வந்தவருக்கு எட்டு, காரில் வந்தவருக்குப் பதினைந்து. கனடாப் புழுக்கள் குடும்பத்தோடு வந்தன.

போன மாதக் கடைசியில் நாகேஸ்வரியின் இடது பக்கக் கன்னம் வீங்கியது. அவருக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. காய்ச்சலும் காய்ந்தது. சனிக்கிழமை பின்னேரம் ஷிம்னாவைப் பார்க்க வேண்டும் என்று அவர் செருப்பைப் போட, வரதராசா கதவில் நின்றார்.

"விடிய சித்தரிட்டைப் போவம். எனக்கு நிண்டது உமக்கு நிக்காதே?"

"இஞ்சேருங்கோ, ஒண்டு கேக்கிறன். சும்மா வாங்கேக்கை ஆளுக்கு ரெண்டு புழு. புழுவுக்கு இவ்வளவு எண்டவுடனை எட்டு, பத்து. அண்டைக்கொருக்கா ஒரு கராஜ்காரனைப் பிடிச்சனீங்களே, என்ன செய்தவன் அவன்?"

வரதராசாவின் முகம் மலர்ந்தது. அது அவருடைய வெற்றிக் கதை. "ஒரு நெளிவுக்கு இவ்வளவு எண்டு காசு குடுக்கத் தொடங்கினம். உடனை ஒரு கதவிலை பதினொரு நெளிவு காட்டினான். சுத்தியலாலை தானே தட்டியிருக்கிறான். நான் பார்த்தவுடனை பிடிச்சிட்டன்."

"ஓம். அப்ப புழு?"

"அது வேறை. இது நம்பிக்கை."

நாகேஸ்வரி வலியோடு சிரிக்க முடியாததால் சிரிக்கவில்லை. "சரி, வாறன். ஆனால் எனக்கு முதல் புளோறன்ஸ் ரீச்சருக்கு எடுக்க வேணும். அவ கொட்டாஞ்சேனையிலைதானே இருக்கிறா. அவவுக்குப் புழு வந்தால் நானும் வாயைத் திறக்கிறன். வராட்டி நேரே டொக்டரிட்டை."

புளோறன்ஸ் நாகேஸ்வரியோடு ஒரே பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சித்தருக்கு இன்னொரு ஆள் கிடைக்கிறதே என்று வரதராசா சந்தோசமாகச் சம்மதித்தார்.

ஞாயிறு காலை புளோறன்ஸ் ரீச்சர் சித்தரின் ஒழுங்கை முனையில் குடையோடு நின்றார். வரதராசாவுக்கு அங்கே செல்வாக்கு உண்டு, மூவரையும் நேரே உள்ளே விட்டார்கள். வரிசையில் நின்றவர்களும் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். ரீச்சர் சட்டிக்கு மேல் குனிந்து வாயைத் திறந்தார். அழகான, வரிசையான பற்கள். சித்தர் விதையைப் போட்டார். புகை எழும்பியது. விதைகள் படபடவென்று வெடித்தன. மந்திரம் முடிந்தது.

"ஒன்பது," என்றார் சித்தர். "கடைவாய்ப் பல்லில் ஏழு, முன்னால் இரண்டு. நல்ல நேரத்துக்கு வந்தீங்க அம்மா. விட்டிருந்தா மூளைக்கு ஏறியிருக்கும்."

"அப்படியா சாமி," என்ற ரீச்சர், கைக்குட்டையை விரித்து, வாய்க்குள் விரலை விட்டு, மேல்வரிசையைக் கழற்றி வைத்தார். பிறகு கீழ்வரிசையை. இரண்டும் ஈறுபோல் செய்த இளஞ்சிவப்பு முரசோடு கைக்குட்டையில் இருந்து சிரித்தன.

"எனக்குப் பல்லே இல்ல சாமி," என்றார் பொக்கை வாயால். "பன்னிரண்டு வருசமாகுது. இது பிளாஸ்டிக். ஒன்பது புழுவும் இதுல எந்த ஓட்டையால வந்திச்சு?"

வாசலில் யாரோ சிரித்தார்கள். சித்தர் அசரவில்லை. "அது முரசுப் புழு. பல்லுப் போனாலும் முரசில தங்கும்."

கூட்டத்தில் பாதித் தலைகள் ஆமென்று ஆடின. வரதராசாவின் தலையும் பழக்கத்தில் ஆடப் பார்த்தது. அப்போது பக்கத்தில் நாகேஸ்வரி கன்னத்தைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டு நிற்பதைக் கண்டார். நேற்று இவளைக் கதவில் மறித்தேனே என்று நினைத்தார். பயமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. முதற்தடவையாக அந்த அறையை அவர் ஒபிஸ் கண்ணால் பார்த்தார்.

"சாமி, ஒருத்தரும் குனியாமல் ஒருக்கால் போடுங்கோ."

"என்ன?"

"புழு வாயிலை இருந்துதானே வருது? அப்ப வாயே இல்லாமல் புகையைப் போடுங்கோ. ஒண்டும் வராட்டி நான் உங்கடை காலிலை விழுறன்."

சித்தர் மந்திரத்துக்கு இது நல்ல நேரமில்லை என்றார். ரீச்சர் நேரம் பார்க்கவில்லை. சட்டித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டு, விதைக் கிண்ணத்தை எட்டி எடுத்து ஒரு பிடியை இரும்பில் போட்டார். புகை முகட்டுக்குப் போனது. விதைகள் வெடித்தன. யாருடைய வாயும் இல்லாத தண்ணீரில் வெள்ளையாய்ச் சுருண்டு ஒன்று விழுந்தது. பிறகு ஒன்று. பிறகு எண்ண முடியாமல்.

"இது கண்டங்கத்தரி விதை," என்றார் ரீச்சர், பற்களைப் போட்டுக்கொண்டு. "சூட்டுல வெடிச்சா உள்ள இருக்கிற முளை சுருண்டு வெளிய வரும். புழுவுமில்ல, பூச்சியுமில்ல."

வாசலில் கொதிப்புக் கிளம்பியது. காசைத் தா என்று ஒருவர் சித்தரின் சட்டையைப் பிடித்தார். சித்தர் சட்டையை விடுவித்துக்கொண்டு, பலகையைக் காட்டி, அமைதியாகச் சொன்னார்:

"அதைக் கேட்கிறதெண்டா இந்த ஐயாவைக் கேளுங்க. விலை போட்டதும் அவர், திருப்பித் தரமாட்டம் எண்டு எழுதித் தந்ததும் அவர்."

அத்தனை கண்களும் வரதராசா மேல் திரும்பின. சித்தர் பின்கதவால் போய்விட்டார். நம்மவருக்குப் பின்கதவு இல்லை. ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள், அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம், நான்தான். என்னிலை பிழை," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நெளிவைத் தட்டிய கராஜ்காரனாவது தன் காசுக்காகத் தட்டினான், தானோ சித்தருக்குச் சுத்தியலை இலவசமாக எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

ஷிம்னா ஞாயிற்றுக்கிழமையிலும் கிளினிக்கைத் திறந்தார். நாகேஸ்வரியின் சீழை வடிய விட்டு, மருந்து எழுதினார். "அன்ரி, சீனியும் இருக்கு, சீழும் இருக்கு. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா ஆஸ்பத்திரியிலதான் படுத்திருப்பீங்க. பல்லைக் காப்பாத்தலாம்."

வரதராசா கதிரையில் இருந்தபடியே கேட்டார். "டொக்டர், பின் பல்லுக்கு ஏன் கூட?"

"அண்டைக்குக் கேட்டிருக்கலாமே அங்கிள். முன் பல்லுக்கு ஒரு வேர். பின் பல்லுக்கு ரெண்டு மூணு வேர், அதுக்குள்ள மூணு நாலு குழாய். ஒவ்வொண்டாத் தேடித் துப்புரவாக்கி அடைக்கணும். நேரம், சாமான், எக்ஸ்ரே எல்லாம் அதுக்கேத்த மாதிரி. கிரவுன் வெளிய லேப்ல செய்யிறது, அவங்கட காசு வேற. எழுதித் தாறன். வேற இடத்திலயும் விலை கேட்டுப் பாருங்க, ஏன் எண்டு கேட்டா எந்த டொக்டரும் கோவிக்க மாட்டாங்க."

வேறு இடத்திலும் விலை கேட்பது. வான்காரர்களிடம் அவர் நாள்தோறும் சொல்லும் அதே வசனம்.

அவருடைய பல்லையும் படம் எடுத்தார்கள். வலி நின்றது புழு போனதால் அல்ல, நரம்பு செத்ததால். நாலு மாதமாக அடியில் சத்தமில்லாமல் சீழ் பிடித்து எலும்பைக் கரைத்திருந்தது. காப்பாற்ற முடியாது, பிடுங்கத்தான் வேண்டும். விலைப் பட்டியலில் ஆக மலிவானது அதுதான் என்று வைத்தியர் சொன்னார். மலிவைத் தேடி அலைந்தவருக்குக் கடைசியில் கிடைத்தது.

திங்கட்கிழமை ஒரு மாடி ஏறினார். மருத்துவக் காப்புறுதிப் பிரிவில் இருக்கும் உஷாந்திக்கு, அவருக்கு மகளாகக்கூடிய வயது.

"எங்கடை பொலிசியிலை சொத்தை அடைக்கிறது, ரூட் கெனல், பிடுங்கிறது எல்லாம் இருக்கு அங்கிள். வருசத்துக்கு ஒரு எல்லை, அதுக்குள்ளை தருவம். அன்ரிக்கும் சேர்த்து. கிரவுனுக்குச் செய்ய முதலே அனுமதி கேக்க வேணும், அதுவும் பாதிதான். வெள்ளையாக்கிறது, வடிவுக்குச் செய்யிறது ஒண்டும் இல்லை. பதிவு செய்த டொக்டரின்ரை பில்லும் எக்ஸ்ரேயும் வேணும். மற்றக் கம்பனிகளிலை வேறை மாதிரி இருக்கும். அவையவை தங்கடை பொலிசியை வாசிக்க வேணும்."

"இது எப்ப இருந்து இருக்கு பிள்ளை?"

"நான் வேலைக்கு வர முதலே."

பல்லைப் பிடுங்கி ஒரு கிழமை கழித்து, அவருடைய பிரிவில் வேலை செய்யும் கார்த்திகன் மேசைக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணை, அந்தச் சித்தர் இப்ப ஒருகொடவத்தைப் பக்கம் காதுப்புழு எடுக்கிறாராம். என்ரை மாமிக்குக் காது இரையுது. கூட்டிக்கொண்டு போனால் பலன் இருக்குமே?"

வரதராசா பல்லிருந்த பள்ளத்தை நாக்கால் தடவினார்.

"மாமியைக் காது டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போ தம்பி. உனக்குத்தான் ஒண்டு சொல்ல வேணும். ரெண்டு காதுக்கும் நடுவிலை ஒரு சாமான் பூட்டித் தந்திருக்கு. என்ரையை ஐம்பத்தாறு வருசம் கீறல் விழாமல், ஒரு மைல் ஓடாமல் புதுசாவே வச்சிருந்தனான். நீயாவது அதைக் கொஞ்சம் ஓட்டிப் பார்."