பின் மட்கார்டும் ரெண்டு விரக்கடையும்

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு, தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், வீடு, மாடிப்படிக்குக் கீழே நிற்கும் தங்கள் பைக் ஆகிய மூவரும் நலம். அங்கு தாங்கள், அண்ணி, அப்பா, அம்மா, பிறந்து எட்டு மாதமாகியும் என்னைப் போனுக்குள் மட்டுமே பார்த்திருக்கும் தங்கள் மகள் ஆகியோரின் நலமறிய ஆவல்.

பைக்கை விற்கப் போவதாகவும், வாங்குபவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பார் என்றும், அதற்குள் கழுவித் துடைத்து வைக்கும்படியும் தாங்கள் குரல் பதிவு அனுப்பியிருந்தீர்கள். மொத்தம் பதினோரு நொடி. அதில் நாலு நொடி குழந்தை அழுகிறது. கழுவுவதில் ஒரு சின்னச் சிக்கல். போனில் சொன்னால் பாதியில் கத்துவீர்கள், கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன். சரி, எனக்கு இதுக்கு மேல இந்தத் தமிழ் வராது. வண்டியோட பின் மட்கார்டை அறுத்துட்டேன்.

உக்காந்து படி. அண்ணிகிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் படி.

இதுல என் தப்பு பாதிதான். குழந்தையைப் பாத்துக்க அம்மா அங்க வந்தாங்க. அம்மாவைப் பாத்துக்க அப்பா வந்தாரு. என்னைப் பாத்துக்க இந்த பைக்கை விட்டுட்டுப் போனீங்க. எனக்கு பார்சல் பிரிக்கிற வேலை மத்தியானம் ரெண்டு மணிக்கு முடிஞ்சுடுது. அங்க எல்லாரும் காதுல எதையாவது மாட்டிக்கிட்டு வேலை பாக்கிறவங்க, ஒருத்தனுக்கும் என் பேரு தெரியாது, கட்டம் போட்ட சட்டைன்னுதான் கூப்பிடுவாங்க. வீட்டுக்கு வந்தா மூணு ரூமு, ஒரு ஆளு. எவ்வளவு நேரம்தான் மின்விசிறியைப் பாக்கிறது? அப்பதான் ஒரு வீடியோ பாத்தேன். நம்மளது மாதிரியே பெரிய வண்டி. ஒருத்தன் பின் மட்கார்டை அறுத்துக் கீழ இறக்கி, டயரோட ஒட்டின மாதிரி வச்சு, 'நடுவுல ரெண்டு விரல் போற அளவு, ரெண்டு விரக்கடைதான் இருக்கணும், அதுதான் அழகு'ங்கிறான். போய் நம்ம வண்டியைப் பாத்தேன். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல பூனை படுத்துத் தூங்கலாம். சும்மா சொல்லல, தூங்குச்சு. அதை எழுப்பி அனுப்பிட்டு, வண்டியை சென்டர் ஸ்டாண்டுல போட்டு, இன்ச் டேப் வச்சு அளந்து, இரும்பு அறுக்கிற கிரைண்டரை எடுத்தேன். காலேஜை பாதியில விட்டான், கிதாரை பாதியில விட்டான்னு அப்பா எனக்கு அரைகுறைன்னு பேரு வச்சாருல்ல, இதை மட்டும் முழுசா முடிச்சே தீரணும்னு ஒரே மூச்சில அறுத்தேன். அறுத்ததை டிங்கர்கிட்ட எடுத்துட்டுப் போய், நான் சொன்ன அளவுக்கே வெல்டிங் வச்சு, பட்டி பாத்து, கறுப்பு பெயிண்ட் அடிச்சு, திரும்பக் கொண்டாந்து மாட்டினேன். சரியா ரெண்டு விரக்கடை. கண்ணு பட்டுடும் போல இருந்துச்சு.

ஸ்டாண்டை எடுத்துட்டு ஏறி உக்காந்தேன். கர்ர்ர்னு ஒரு சத்தம். புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும்னு கிளப்பிட்டேன். தெருமுனை வேகத்தடையில ஏறி இறங்கினதும் டயர் போய் மட்கார்டைக் கவ்விப் பிடிச்சுக்கிச்சு. பல் டாக்டர் வாசல்ல, ரப்பர் தீயற நாத்தத்துல, வண்டி முன்னாலயும் போகாம பின்னாலயும் வராம நிக்குது. வாய்ல பஞ்சோட ஒருத்தர் வெளிய வந்து என்னைப் பாத்துட்டு, நம்ம வலி பரவாயில்லன்னு நினைச்சாரோ என்னவோ, சிரிச்சுட்டு உள்ள போனாரு.

டிங்கர் வந்து பாத்தாரு. "சென்டர் ஸ்டாண்டுல வச்சா அளந்த?"

"ஆமா."

"அப்ப பின்சக்கரம் தொங்கிக்கிட்டு இருந்திருக்கும். கீழ இறக்கி ஆள் உக்காந்தா சக்கரம் மேல ஏறும்ல? காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா?"

"சொல்லித் தர்றதுக்குள்ள நின்னுட்டேன்."

"ரெண்டு பேரு போற வண்டிக்கு எவனாவது தனியா அளவெடுப்பானா? முன்னால நீ உக்காரு. பின்னால ஒரு ஆளை உக்கார வை. இன்னொரு ஆளு குனிஞ்சு டேப் பிடிக்கட்டும். அந்த அளவைக் கொண்டா, மாத்தி வச்சுத் தரேன்."

"டேப்பை நீங்களே பிடிக்கலாம்ல?"

"குனிஞ்சா நிமிர மாட்டேன்யா. போ, ரெண்டு பேரைக் கூட்டிட்டு வா."

ரெண்டே பேரு. இதுல என்ன இருக்குன்னு போனை எடுத்தேன். அம்மா, அப்பா, நீ, அண்ணி. அதுக்கப்புறம் தண்ணி கேன், கேஸ், பிளம்பர், இன்னொரு பிளம்பர். காலேஜ்ல பக்கத்துல உக்காந்தவனுக்குப் போட்டேன். "இந்த வாரம் கண்டிப்பா வரேன் மச்சான்"னான். நாலு வாரமா இந்த வாரம்தான் சொல்லிட்டு இருக்கான். கடைசியில எதிர்வீட்டு ரிட்டயர்டு சாரையும் இஸ்திரிக்காரம்மாவையும் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். சாருக்குக் கால் தூக்க வராது. "ஏற முடிஞ்சா நான் ஏன்பா நடந்து போறேன்?"னாரு. சரி, டேப் பிடிங்கன்னு குனிய வச்சேன். இஸ்திரிக்காரம்மா பின்னால ஏறி ஒருக்களிச்சு உக்காந்தாங்க. நான் முன்னால உக்காந்தேன். "கண்ணாடி வீட்டுல இருக்குப்பா"ங்கிறாரு சாரு. நான் இறங்கிப் பாத்தா என் எடை இல்ல, அளவு மாறிடுது. ஏறி உக்காந்தா பாக்க ஆள் இல்ல. இறங்கி ஏறி இறங்கி ஏறி, கடைசியில சாருக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு, ரெண்டு பேருமா சேர்ந்து அவரை வீட்டுல கொண்டு போய் விட்டோம். அந்தம்மா திரும்பி வரும்போது கேட்டாங்க, "ஏன் தம்பி, உங்க வீட்டுல துணியே விழ மாட்டேங்குதே, எல்லாரும் எங்க?" ஊருக்குப் போயிருக்காங்கன்னேன். எட்டு மாசமா அதைத்தான் சொல்லிட்டு இருக்கேன்.

அன்னைக்கு அம்மா போன் பண்ணாங்க. சாப்பிட்டியான்னாங்க. அம்மா, ஒரு ரெண்டு நிமிஷம் உக்கார ஆள் இல்லம்மான்னு சொல்ல ஆரம்பிச்சேன். அங்க குழந்தை முழிச்சுக்கிச்சு. வச்சுட்டாங்க.

ஆகவே அண்ணா, நல்லா யோசிச்சு ஒரு முடிவு பண்ணிட்டேன். பின்சீட்டைக் கழட்டிட்டேன். ஒத்தை சீட்டு வண்டியா ஆக்கிட்டேன். இப்ப அதுதான் ஃபேஷன். ஒரு ஆள் எடைக்கு மட்டும் அளந்து மட்கார்டைக் கொஞ்சம் தூக்கி வச்சாச்சு, இனி டயர் உரசாது. என்னோட பரீட்சை முடிஞ்சதும் ரெண்டு பேரும் கடல் தெரியிற வரைக்கும் போவோம்னு பீரோ கதவுக்குப் பின்னால ஒட்டின வரைபடத்துல பென்சில்ல கோடு போட்டியே, அதையும் கிழிச்சுட்டேன். எனக்கு வருத்தமெல்லாம் ஒண்ணும் இல்ல. தாராளமா வித்துக்கோ. ஞாயித்துக்கிழமை அந்த ஆள் வரட்டும், சாவியைக் கையில குடுத்துடறேன்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம். அண்ணிக்கு என் அன்பு. குட்டிக்கு முத்தம், எந்தக் கன்னம்னு அவளே முடிவு பண்ணிக்கட்டும். எல்லாரும் நீடூழி வாழ இந்த வீட்டின் மூணு ரூமும் வாழ்த்துகின்றன.

இப்படிக்கு,
அரைகுறைத் தம்பி

பி.கு.: மேல 'ஆகவே'க்குக் கீழ எழுதினது எல்லாம் பொய். பின்சீட்டு இருந்த இடத்துலதான் இருக்கு. வரைபடத்தைக் கிழிக்கப் போனேன், வரல, நீ ஒட்டின பசை அப்படி. பக்கத்துல வீடு கட்டுறவங்ககிட்ட மணல் கேட்டு, பழைய பேப்பர் கடைத் தராசுல நிறுத்து, சரியா எழுபத்தெட்டு கிலோ மூட்டை கட்டி பின்சீட்டுல ஏத்திட்டேன். உன் கல்யாணத்துக்கு முன்னால நீ எழுபத்தெட்டுதானே. மணல் சிந்துதுன்னு உன் பழைய மழைக்கோட்டை மாட்டி விட்டேன். முன்னால நான் உக்காந்தேன், இஸ்திரிக்காரம்மா குனிஞ்சு விரலை விட்டுப் பாத்தாங்க. "ரெண்டு விரலு போகுது தம்பி, மூணாவது போகல." டிங்கர் அந்த அளவுக்கே மாத்தி வச்சுத் தந்துட்டாரு. வேகத்தடையில ஏத்திப் பாத்தேன், சத்தமே இல்ல. முழுசா முடிச்சுட்டேன்னு அப்பாகிட்ட சொல்லு. எதிர்வீட்டு சாரு வாசல்ல நின்னு, "அண்ணன் வந்துட்டாரா? வணக்கம் வச்சேன், பதிலே சொல்லலியே"ன்னாரு. அவரு எப்பவும் அப்படித்தான் சார்னேன். வாங்குற ஆளு சனிக்கிழமையே வந்துட்டாரு. பின்னால என்னன்னு கேட்டாரு. ஓனருன்னேன். எப்ப இறங்குவாருன்னாரு. அவரைத்தான் கேக்கணும்னேன், ஒரு மாதிரி பாத்துட்டுப் போயிட்டாரு. கல்யாணத்துக்கப்புறம் நீ போட்ட தொப்பைக்குன்னு இன்னும் அரை விரக்கடை இடம் விடச் சொல்லலாம், உண்மையான எடையை மட்டும் எழுது. வண்டியைக் கழுவி வச்சிருக்கேன். மூட்டையை எப்ப இறக்கணும்னு சொல்லு.