டிரைவர்தான் காரணம்

பெங்களூரில் கணினி வேலையில் இருப்பவன் மாமனார் ஊருக்கு லேப்டாப்போடு போகவே கூடாது. நான் போனேன்.

கடத்தூரில் என் மச்சினன் சகாயத்துக்குச் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ. அங்கே தூரத்துச் சொந்தமான ரோசக்கா முகம் வாடி உட்கார்ந்திருந்தார். அன்று மாலை அவர் கணவர் ஆரோக்கியத்தின் முப்பதாம் நாள் பூசை. மாட்டுவதற்குப் பெரிய படம் வேண்டும். ஆனால் அந்தப் படத்தைத் திறந்தாலே கணினி நீலத்திரை காட்டிச் செத்துவிடுகிறது. கல்யாணம், காதுகுத்துப் படங்களெல்லாம் ஒழுங்காகத் திறக்கின்றன.

"உசுரோட இருக்கயிலயே போட்டோவுக்கு நிக்க மாட்டாருங்க," என்றார் ரோசக்கா.

என் லேப்டாப்பைக் கடைக் கணினியோடு கேபிள் போட்டு இணைத்தேன். கெர்னல் டீபக்கர் என்று ஒன்று உண்டு. இயங்குதளம் விழுகிற கணத்தில் அதை அப்படியே உறையவைத்து, உள்ளே என்ன நடந்தது என்று இன்னொரு கணினியிலிருந்து பார்க்கலாம். (இதை விரிவாக விளக்கினேன். யாரும் கேட்கவில்லை.)

படத்தைத் திறந்தோம். மேலிருந்து முடி வந்தது, நெற்றி வந்தது, கண்கள் வந்தன. அத்தோடு நின்றது. திரை மூலையில் கடிகாரமும் நின்றது. பட்டப்பகலில், வாயில்லாத ஆரோக்கியம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, கண்ணோட நின்னுட்டாரு?" என்றார் ரோசக்கா.

"நாந்தாங்க நிறுத்தி வெச்சிருக்கேன்."

"பேசினா கேக்குமுங்களா?"

விசைகளைத் தட்டினேன். தடயம் வரிசையாக வந்தது. திரையை இயக்கும் ஒரு நிரல்தான் குற்றவாளி; இவ்வளவு பெரிய படம் வந்தால் தடுக்கி விழுகிறது. எங்கள் தொழிலில் அந்த மாதிரி நிரலுக்கு டிரைவர் என்று பெயர். துப்புத் துலக்கிய பெருமிதத்தில் சத்தமாகச் சொன்னேன்: "எல்லாத்துக்கும் காரணம் டிரைவர்தாங்க. எவனோ வெவரங்கெட்டவன் ஏத்தி வுட்டிருக்கான். தூக்கிட்டா சரியாயிடும்."

ஆரோக்கியம் கடைசிவரை லாரி ஓட்டியவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

"அதான் தூக்கிட்டாங்களே," என்றார் ரோசக்கா, திரையைப் பார்த்தபடி.

சகாயம் என் காதோரம் குனிந்தான். "மாமா, அந்த டிரைவர போன வாரம் பெங்களூர்ல இருந்தே ஏத்தி வுட்டது நீங்கதானுங்க."

எப்படியாவது முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று விசைப்பலகையில் கை வைத்தேன்.

"கொஞ்சம் இருங்க," என்று ரோசக்கா நாற்காலியைத் திரையருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். நாங்கள் வெளியே போய் நின்றோம். உள்ளே தணிந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நடுநடுவே நிறுத்தி, பதிலுக்குக் காத்திருந்தார்.

பிறகு கணினியை விடுவித்தேன். கண்கள் மறைந்து நீலத்திரை வந்தது. பழைய டிரைவரைத் திரும்பப் போட்டதும் படம் முழுசாகத் திறந்தது.

பூசை முடிந்ததும் ரோசக்கா என்னைப் பங்குச் சாமியாரிடம் கூட்டிப் போனார். "எங்கூட்டுக்காரரக் கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சவரு இவருதானுங்க."

மாமனார் வீட்டில் இன்றுவரை எனக்கு அதுதான் பெயர். சொந்தத்தில் யாருக்காவது உடம்பு மோசமானால், 'மாப்பிள்ளை வர்றாரா?' என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். சிலர் சிரிப்பதில்லை.